சாய்ந்த தைலமரமும் ஐயாயிரம் கோழிகளும்

அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். மரம் அறுக்கும் மிஷினைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரர். கயிறு கட்ட வந்திருந்த என் அண்ணன். அண்ணன் சங்ககிரியில் லாரி ஓட்டுகிறவர், இரண்டு லோடுக்கு நடுவில் நாலு நாள் ஊரில் இருந்தார். கோழிப்பண்ணைக்காரர். அவர் சம்சாரம். பண்ணையிலேயே தங்கித் தீவனம் போடுகிற ஒடிசாக்காரர். அப்புறம் நான். வேறு யாரும் இல்லை. பிற்பாடு ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ரோட்டில் வண்டியில் போன ஒருத்தர் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாராம். அந்த இடத்திலிருந்து ரோடே தெரியாது. ஆறு பேர்தான். அதிலும் நடந்ததை முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். பண்ணைக்காரர் ஒருத்தர், நான் ஒருத்தி.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். குமாரபாளையத்தில் விசைத்தறிப் பட்டறையில் நூல் சுற்றப் போனேன். அப்போதிருந்தே எதற்கெடுத்தாலும் பயப்படுகிற புத்தி. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை திரும்பிப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் தூங்குகிறாரா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வருவேன். என் வீட்டுக்காரர் இதை வைத்தே எனக்கு ஒரு வேலை கொடுத்தார். "நீ எப்படியும் ஊட்ல உக்காந்து பயந்துக்கிட்டுத்தான் இருப்ப. அதைய எங்கூட வந்து மரத்தடியில நின்னு பயப்படு. சோலியாவது ஆகும்" என்றார். சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனால் அதுவே என் பிழைப்பாகிவிட்டது.

வேலை இதுதான். மிஷின் ஓடும்போது அறுக்கிறவருக்குக் காது கேட்காது. கண்ணும் பிளேட்டின் மேல்தான் இருக்கும். மரம் முனகுகிறதா, அறுத்த இடத்தில் வாய் விரிகிறதா, உச்சி அசைகிறதா என்று பார்க்க வேறொரு ஆள் வேண்டும். நான் பத்தடி மூங்கில் குச்சியோடு அவருக்குப் பின்னால், ஒரு பக்கமாகத் தள்ளி நிற்பேன். மரத்துக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது. அது சாவு நிற்கிற இடம் என்பார். குச்சியின் நுனி அவர் முதுகை ஒட்டினாற்போல இருக்கும். ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டு தட்டினால் மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடு. இவ்வளவுதான் எங்கள் பாஷை. பிளேட்டு மரத்துக்குள் இருக்கும்போது குச்சியைத் தவிர வேறு எதையும் காட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது, அவர் கண்ணில் படக் கூடாது. முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட்டார்.

இந்த வேலைக்குத் தறிப் பட்டறை எனக்கு உதவியது. நாற்பது தறி ஓடுகிற சத்தத்துக்குள் ஒரே ஒரு இழை அறுந்தால் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அங்கே வாயால் பேசவும் முடியாது. எல்லாம் கைதான். சாப்பாட்டுக்கு ஒரு கை, முதலாளி வருகிறார் என்பதற்கு ஒரு கை, உள்ளங்கையைக் கீழே பார்த்து இரண்டு தடவை அமுக்கினால் மோட்டாரை மெதுவாக்கு. என் வீட்டுக்காரரும் அதே பட்டறையில் நாலு வருஷம் தறி ஓட்டியவர். எங்களுக்குள் பழக்கம் வந்ததே அந்தக் கைகளால்தான். அது வேறு கதை.

அந்த மரம் தைலமரம். பண்ணை ஷெட்டின் கடைசியிலிருந்து இருபது தப்படி தள்ளி, வாய்க்கால் கரையில் நின்றது. வைகாசியில் ஒரு நாள் அடித்த மழைக்காற்றில் வேர் ஒரு பக்கம் மண்ணை விட்டு எழும்பி, மரம் ஷெட்டுக்கு எதிர்ப்பக்கமாக வண்டித் தடத்தின் மேல் சாய்ந்துவிட்டது. முட்டை லோடு ஏற்றுகிற வண்டி அதற்கு அடியில்தான் வந்து போக வேண்டும். பண்ணைக்காரர் தினமும் சாய்வை அளந்து பார்த்திருக்கிறார். "நேத்தைக்கு இன்னிக்கு ஒரு சாண் எறங்கியிருக்குது" என்று போனில் சொன்னார்.

நாங்கள் போய்ப் பார்த்தோம். என் வீட்டுக்காரர் நூலில் வண்டிச் சாவியைக் கட்டித் தூரத்தில் நின்று தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மரத்தைப் பார்த்தார். சாவி நேராகத் தொங்கியது. மரம் அதைவிட்டு எங்கேயோ போயிருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோனதை நான் பார்த்தேன்.

"ஏனுங்க, வேண்டாமுங்க. இதைய விட்ருலாம்" என்றேன்.

"விட்டுட்டு? சும்மா ஊட்ல உக்காந்துக்கறதா?"

இரண்டு மாதமாக வேலை இல்லை. மிஷினுக்குப் புது சங்கிலி கூடக் கடனில் வாங்கியது.

நேராக நிற்கிற மரத்தை விழத்தட்டுவது வேறு. சாய்ந்த மரம் வேறு. சாய்ந்த மரம் ஏற்கெனவே விழ ஆரம்பித்துவிட்ட மரம். அதைப் பின்பக்கத்து நார்கள்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தறியில் பாவு நூல் இறுகினால் எப்படி விறைத்து நிற்குமோ அப்படி. பின்னாலிருந்து சாதாரணமாக அறுத்துக்கொண்டு போனால், பாதி அறுப்பதற்குள் மரம் பொறுக்காது. அறுத்த இடத்திலிருந்து மேல்நோக்கி நெட்டுக்குப் பிளந்து, அடிக்கட்டை பின்பக்கமாக உதைக்கும். நின்றிருக்கிறவர் நெஞ்சில்தான் உதைக்கும். நாமக்கல் பக்கத்தில் அப்படிப் போன ஒருத்தரை என் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். தைலமரத்துக்கு நெட்டுநார், சட்டென்று பிளக்கும்.

அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் சாய்ந்த பக்கம் சின்னதாக ஒரு வாய் வெட்டுவார். அப்புறம் பக்கவாட்டில் நின்று பிளேட்டின் நுனியை மரத்தின் நடுவில் குத்தி மறுபக்கம் வரை கொண்டுபோவார். உள்ளிருந்து பின்பக்கமாக அறுத்துக்கொண்டு வந்து, பின்தோலில் நாலு விரல் கனத்துக்கு மட்டும் விட்டுவிடுவார். உள்ளே எல்லாம் அறுபட்டிருக்கும், ஆனால் அந்த நாலு விரல் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசியில் தள்ளி நின்று அதை ஒரே இழுப்பில் அறுத்துவிட்டால் மரம் பிளக்க நேரமில்லாமல் நேராகப் போய் விழும். குத்தும்போது மிஷின் முழு வேகத்தில் ஓட வேண்டும். வேகம் குறைந்தால் நுனி கடிக்காது, துள்ளும். இது எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

பேச்சு ஒன்பதாயிரத்துக்கு முடிந்தது. இரண்டாயிரம் முன்பணம். இடப்பக்கம் தண்ணீர்த் தொட்டி, வலப்பக்கம் கரண்டுக் கம்பம். இரண்டுக்கும் நடுவில் மரம் விழ வேண்டும். தொட்டி உடைந்தால் எங்கள் செலவு. கம்பம் சாய்ந்தால் எங்கள் செலவு. கடைசியாகப் பண்ணைக்காரர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"இன்னொண்ணுங்க. கோழி பயந்துக்கக் கூடாது. ஒருக்கா பயந்துச்சுன்னா பத்து நாளைக்கு முட்ட கொறஞ்சு போயிரும். ஓடில்லாத தோல் முட்ட போடும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூலையில மூச்சு முட்டிச் சாகும். அதுக்குத்தான் இங்க யாரும் பட்டாசு கூட வெடிக்கறதில்ல."

"கொறஞ்சா என்ன பண்றதுங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"பாத்துக்கலாம் அம்மிணி" என்றார்.

அந்த 'பாத்துக்கலாம்' என்னை நாலு நாள் தூங்க விடவில்லை. தொட்டி என்றால் ஒரு விலை உண்டு. கம்பம் என்றால் ஒரு விலை உண்டு. ஐயாயிரம் கோழி பத்து நாளைக்குப் போடாத முட்டைக்கு என்ன விலை? மனசுக்குள் கணக்குப் போட்டுப் போட்டு, ஒன்பதாயிரமும் போய் நாங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டிவரும் என்கிற இடத்தில் வந்து நிற்பேன். மறுபடியும் முதலிலிருந்து போடுவேன். அவரிடம் சொன்னால், "கோழிகிட்ட நானே பேசிக்கறேன், நீ தூங்கு" என்றார்.

அந்த நாள் வந்தது. கோழிகள் காலையில்தான் முட்டையிடும். அது முடியட்டும் என்று பதினொன்றரைக்குத்தான் எங்களை ஆரம்பிக்கச் சொன்னார்கள். ஒடிசாக்காரர் முட்டையெல்லாம் எடுத்து அட்டையில் அடுக்கி முடித்திருந்தார். ஷெட்டுக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. சத்தத்துக்குப் பழகட்டும் என்று பண்ணைகளில் அப்படி வைப்பது வழக்கம்.

என் அண்ணன் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய புதுக் கயிற்றை மரத்தைச் சுற்றி, அறுக்கப்போகிற இடத்துக்கு மேலே ஆள் உயரத்தில் எட்டுச் சுற்றுச் சுற்றி, கடப்பாரையைச் சொருகி முறுக்கி இறுக்கினார். தார்ப்பாய் கட்டுகிற அதே முடிச்சு.

"என்ன மச்சான், மரத்தைய பெங்களூருக்கு லோடு ஏத்தறயா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"வாய்க்கு மட்டும் கொறச்சலில்ல. பொளந்துச்சுன்னா இந்தக் கட்டோட நிக்கும் மாப்ளே. உன்னைய நம்பி எந் தங்கச்சியக் குடுத்தாச்சு, கயித்தையாவது நம்பிக் கட்டறேன்."

ஓடுகிற வழியை நான் சுத்தம் செய்தேன். மரம் விழுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், ஆனால் நேர் பின்னால் இல்லாமல் இடது கோணமாகப் பத்துத் தப்படி. கல், கொடி, காய்ந்த மட்டை எல்லாம் எடுத்துப் போட்டேன். குறுக்கே அந்த வாய்க்கால் வறண்டு கிடந்தது. முழங்கால் ஆழம்.

"இதுல கால் தவறிருமுங்க. இதைய மூடிருலாமுங்க."

"ஒரு தாவு தாவுனா முடிஞ்சுது. வாய்க்கால மூட இன்னொரு நாள் சம்பளம் யார் குடுப்பா? போயி குச்சிய எடு."

முன்வாய் வெட்டி முடித்தார். சாய்ந்த பக்கத்துத் துண்டு தெறித்து விழுந்தது. தைலவாசனை மூக்கில் ஏறியது. மரம் அசையவில்லை. அவர் பக்கவாட்டில் வந்து, மிஷினை முழு வேகத்துக்குக் கொண்டுபோய், நுனியைக் குத்தினார். மரத்தூள் நார் நாராகப் பறந்தது. இளமஞ்சள், ஈரம். நல்ல மரம். உள்ளே அழுகல் இல்லை, பொந்து இல்லை. நார் முனகவில்லை. எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லியாக வேண்டும்: எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் பண்ணைக்காரர் ஷெட்டிலிருந்து ஓடிவந்தார். என் பக்கத்தில் வந்து காதில் கத்தினார்.

"அம்மிணி, கோழி ஏறுதும்மா! கூண்டுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லு. இவ்ளோ வேகம் வேண்டாம்னு சொல்லு!"

அவர் கெட்டவர் இல்லை. அவர் பிழைப்பு அந்தக் கூண்டுகளில் இருந்தது. குத்தும்போது வேகம் குறைக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணத்தில் என் மண்டைக்குள் மரம் இல்லை. 'பாத்துக்கலாம்' என்ற வார்த்தைதான் இருந்தது. பத்து நாள், ஐயாயிரம் கோழி.

நான் குச்சியை இடக்கைக்கு மாற்றினேன். இரண்டு எட்டு முன்னால் போய் அவர் கண்ணில் படுகிற இடத்தில் நின்றேன். உள்ளங்கையைக் கீழே பார்த்து இரண்டு தடவை அமுக்கினேன்.

அவர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. வேகத்தைக் குறைத்தார்.

நுனி மரத்துக்குள் திக்கித் துள்ளியது. அவர் தோள் குலுங்கியது. இரண்டு தடவை குத்திப் பார்த்தார், ஏறவில்லை. பிளேட்டை வெளியே உருவினார். என்னை ஒருதரம் பார்த்தார். அண்ணனின் கயிற்றையும் என் குச்சியையும் நம்பியிருப்பார். அப்புறம் பின்பக்கம் வந்து, அந்த மெது வேகத்திலேயே, சாதாரண மரத்தை அறுப்பது மாதிரி பின்னாலிருந்து அறுக்க ஆரம்பித்தார்.

ஷெட்டு வாசலில் பண்ணைக்காரர் சம்சாரம், 'ஆமா, இப்படியே போகட்டும்' என்பதுபோல எனக்குத் தலையாட்டினார். நான் பழையபடி அவருக்குப் பின்னால் தள்ளி வந்து நின்றேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. முட்டை குறையாது, ஒன்பதாயிரமும் முழுசாக வரும் என்று நினைத்தேன். அந்த அரை நிமிஷ நிம்மதியை என்னால் இன்றைக்கு வரைக்கும் விழுங்க முடியவில்லை.

பிறகு அந்த இழை அறுந்தது. ஒரே ஒரு நார். கேட்டேனா, குச்சி வழியாகக் கையில் பட்டதா தெரியாது. இரண்டு தட்டு தட்டினேன். தட்டினேனா, குத்தினேனா, அதுவும் தெரியாது. அவர் முதுகில் ஒரு வாரத்துக்கு அந்தக் கன்றல் இருந்தது. அவர் மிஷினை விட்டுவிட்டு இடது கோணத்தில் திரும்பி ஓடினார். மூன்று எட்டு, நாலு எட்டு. அதற்குள் மரம் வெடித்தது. அறுத்த இடத்திலிருந்து மேலே பிளந்துகொண்டே போய் அண்ணன் கட்டிய கயிற்றில் முட்டி நின்றது. பின்பாதிப் பலகை முறிந்தது. உச்சி தடத்தின் மேல் விழுந்தது. அடிக்கட்டை உதைத்துக்கொண்டு எழும்பி, நாங்கள் நினைத்த எந்தப் பக்கமும் போகாமல், அவர் ஓடிய பக்கமே சறுக்கி வந்து இறங்கியது.

தூசி அடங்கியபோது அவர் வாய்க்காலுக்குள் குப்புறக் கிடந்தார். இடது கால் மேல் கட்டை குறுக்கே கிடந்தது.

நான் கத்தினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது கோழிகள். ஐயாயிரமும் ஒரே தொண்டையில் கத்தின. தகரத்தைக் கல்லில் போட்டுத் தேய்ப்பது மாதிரி ஒரு சத்தம், நிற்கவே இல்லை.

"மிஷின ஆஃப் பண்ணு புள்ள. பெட்ரோல் வீணாப் போவுது." இதுதான் அவர் பேசிய முதல் பேச்சு.

உயிர் இருந்தது. கால்? வாய்க்கால் கரை இரண்டும் கட்டையைத் தாங்கிக்கொண்டிருந்தன. கால் அந்தப் பள்ளத்தில் மாட்டியிருந்தது. முழுசாக நசுங்கவில்லை, ஆனால் பாதம் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கட்டையின் மறுமுனை இன்னும் முறிந்த பலகையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. எப்போது வேண்டுமானாலும் உருளலாம். கரை மண் உதிர்ந்துகொண்டிருந்தது.

"யாரும் தொடாதீங்க. சும்மா இழுக்காதீங்க" என்று அண்ணன் கத்தினார். பண்ணைக்காரரின் சின்ன லோடு வண்டிக்கு ஓடி ஜாக்கியைக் கொண்டுவந்தார். ஒடிசாக்காரர் தீவன அறைக் கதவின் பலகையையே பெயர்த்துக்கொண்டு வந்து ஜாக்கிக்கு அடியில் போட்டார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"தங்கச்சி, மரத்தப் பாரு. அசைஞ்சா சொல்லு. எனக்கு இங்கிருந்து தெரியாது" என்றார் அண்ணன்.

என் வேலை அதுதானே. ஆனால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது தறிக்குள் ஒரு இழையைக் கேட்டவளுக்கு, அந்தக் கோழிகளின் சத்தத்துக்குள் மரத்தின் சத்தம் கேட்கவில்லை. எந்தச் சத்தம் வரக் கூடாது என்று நான் அந்தக் கையைக் காட்டினேனோ, அதுவே என் காதை அடைத்துவிட்டது. நான் கட்டையின் மேல் குப்புறச் சாய்ந்து கன்னத்தையும் இரண்டு உள்ளங்கைகளையும் மரத்தில் ஒட்டினேன். தறியில் காதுக்கு எட்டாததை விரலால் தேடுவோம். அப்படித் தேடினேன்.

அண்ணன் ஜாக்கியைச் சுற்றினார். மரத்துக்குள் ஒரு நடுக்கம் ஓடியது.

"நிறுத்துங்கண்ணா!"

நிறுத்தினார். ஒடிசாக்காரர் இடைவெளியில் கல்லைச் சொருகினார்.

"ம்."

இன்னும் அரைச் சுற்று. நடுக்கம். நிறுத்து. கல்.

"மச்சான், லாரியத் தூக்கறாப்ல நெனச்சுக்கிட்டு ஏத்து" என்றார் கீழே கிடந்தவர். பல் தந்தியடித்தது.

"லாரி பேசாது மாப்ளே. நீ கொஞ்சம் வாய மூடு." அண்ணன் அழுதுகொண்டே சொன்னார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பண்ணைக்காரர் கால் மணி என்றார். அவர் சம்சாரம் அரை மணி என்றார். என் கன்னத்துக்கு அடியில் பட்டை ஈரமாக இருந்தது. மரத்தின் ஈரமா என் கண்ணா, அதுவும் தெரியாது. நான் மரத்திடம் கெஞ்சினேன். சாமியிடம் கெஞ்சவில்லை. மரத்திடம்தான். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ, அசையாதே, என் தப்புதான், அவர் காலை விட்டுவிடு என்று. கோழிச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

மூன்று விரல் இடைவெளி வந்ததும் ஒடிசாக்காரர் வாய்க்காலுக்குள் படுத்து, என் வீட்டுக்காரரின் இடுப்பைக் கட்டிப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் கத்தினார். அந்தச் சத்தம் கோழிச் சத்தத்தையும் தாண்டியது. இழுத்த சூட்டோடு நான் கையை எடுத்தேன். கட்டை கல்லை உதறிவிட்டு வாய்க்காலுக்குள் உட்கார்ந்தது.

பண்ணைக்காரரே வண்டியில் போட்டுக்கொண்டு சேலம் வந்தார். அவர் சம்சாரம் பின்னால் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத சாமி, ஒண்ணும் ஆகாது சாமி" என்று வழி நெடுகச் சொன்னார். அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு எலும்பு டாக்டர். இரண்டு இடத்தில் முறிவு, கம்பி வைத்தார்கள். கால் போகாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் என் குச்சி என் கையில் இருப்பதைக் கவனித்தேன். மறுபடியும் அதை எப்போது எடுத்தேன், வண்டியில் எப்படி ஏற்றினேன்?

மூன்றாம் நாள், பார்க்க வந்தவர்களிடம் அவர் சொல்ல ஆரம்பித்தார்.

"இவ இல்லீன்னா நான் போயிருப்பேனுங்க. குத்தறப்பவே என்னத்தையோ பாத்துட்டா. மெதுவான்னு கை காட்டுனா. மூஞ்சி வெளுத்துக் கெடந்துச்சு. நான் வேகத்தக் கொறச்சேன். முழு வேகத்துல இருந்திருந்தா இவ தட்டுனது கூட ஒறைச்சிருக்குமோ என்னமோ!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "கெட்டிக்காரி" என்றார் பக்கத்துக் கட்டில்காரரின் சம்சாரம். நான் தலையைக் குனிந்துகொண்டு ஆரஞ்சு உரித்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். வலியில் இருக்கிறார், தையல் பிரிக்கட்டும் என்று தள்ளினேன். தையல் பிரித்தார்கள். ஊன்றுகோல் வந்தது. அவர் இந்தக் கதையைப் பத்துப் பேரிடம் சொன்னார், இருபது பேரிடம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் பார்த்த விரிசல் பெரிசாகிக்கொண்டே போனது. கடைசியாகச் சொன்னபோது மரத்துக்குள் பொந்து இருந்ததை நான் வெளியிலிருந்தே கண்டுபிடித்திருந்தேன்.

பொந்து இல்லை. நான் போய்ப் பார்த்தேன். மிஷினை எடுத்துவரப் போன அன்றைக்கு, வேரோடு நின்றிருந்த அடிக்கட்டையின் முன் குனிந்து பார்த்தேன். அவர் குத்திய துளை சுத்தமாக, நேராக இருந்தது. ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தேன். மறுபக்கம் வர இரண்டு விரல்தான் பாக்கி. இன்னும் பத்து எண்ணுவதற்குள் நுனி வெளியே வந்திருக்கும். மற்ற மரங்களைப்போல இதுவும் தொட்டிக்கும் கம்பத்துக்கும் நடுவில் போய் விழுந்திருக்கும். மரம் அறுக்கிற யார் அந்தக் கட்டையைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்: இவ்வளவு நல்லாப் போயிட்டு இருந்ததை ஏன் நிறுத்தினாய்?

பண்ணைக்காரர் அப்போது என் பின்னால் வந்து நின்றார்.

"மரம் சாஞ்ச சத்தத்துல எப்படியும் பயந்துருச்சுங்க. பன்னெண்டு நாளா முட்ட கொறஞ்சுதான் கெடக்குது" என்றார். பிறகு, "அதுக்காகச் சொல்லல அம்மிணி. அது கெடக்குது. நாந்தான் உங்கிட்ட ஓடியாந்து சொன்னேன். ராத்திரி அதையேதான் நெனைக்கறேன். ஊட்டுக்காரருகிட்ட நானே வந்து சொல்லிப்போட்டு, பணத்தையும் குடுத்துப்போட்டு வாரேன்" என்றார்.

"வேண்டாமுங்க" என்றேன். "நானே சொல்லிக்கறேன். பணத்தையும் நானே வந்து வாங்கிக்கறேன். நீங்க வர வேண்டாமுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் சொல்லமாட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மிஷினைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

காலில் கட்டு மாற்றப் பணம் வேண்டும், மருந்துக்கு வேண்டும், சங்கிலிக் கடன்காரர் வாரம் ஒருதரம் வாசலில் நிற்கிறார். நான் மறுபடியும் நூல் சுற்றப் போகிறேன். காதுக்குள் தறிச் சத்தம் இருக்கும்போது கொஞ்சம் பரவாயில்லை. வீட்டுக்கு வந்தால்தான் முடிவதில்லை. அவர் திங்கள்கிழமை தோறும் கேட்கிறார்.

"பண்ணைக்காரருகிட்டப் போனயா?"

"போனேனுங்க. அவரு தீவனம் வாங்கப் போயிட்டாருங்களாம்."

"போன வாரமும் தீவனம்தான வாங்கப் போனாரு?"

"ஐயாயிரம் கோழி திங்க வேண்டாமுங்களா?"

அந்தப் பணத்துக்குக் கை நீட்ட முடியாமல் நான் பண்ணைப் பக்கமே போகவில்லை. அவர் சிரிக்கிறார். போன வாரம் சிரிக்கவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, காலைத் தரையில் ஊன்றி ஊன்றிப் பார்த்தார். "இன்னொரு பத்து நாளுல பஸ் ஏறிருவேன். நானே போயி வாங்கிட்டு வாரேன். அந்தக் கட்டையையும் ஒருக்கா பாக்கோணும். நீ என்னத்தப் பாத்துக் கை காட்டுனயின்னு எனக்கு இன்னும் வெளங்கவே இல்ல புள்ள" என்றார்.

அவர் அதைச் சந்தேகமாகக் கேட்கவில்லை. தொழில் கற்றுக்கொள்கிறவர் மாதிரிக் கேட்டார். நான் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க எழுந்து போனேன். அடுப்பு பற்ற வைக்கவே இல்லை.

பத்து நாளில் ஆறு போய்விட்டது. பேசியது ஒன்பதாயிரம். முன்பணமாக வந்தது இரண்டாயிரம். மீதி ஏழாயிரம் ரூபாய் பண்ணைக்காரரிடம் இன்னும் அப்படியே இருக்கிறது.